ஜெர்மனியில் ஒரு பரிமாற்ற செமஸ்டர்: பாடப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வர விரும்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த ஊர், எவ்வளவு செலவு என்பதைத்தான். அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அங்கே தேர்ச்சி பெறும் பாடங்கள், இங்கே நம் மதிப்பெண் பட்டியலில் எந்தெந்தப் பாடங்களுக்குப் பதிலாக ஏறும்? இதற்கான விடையை எழுத்தில் வாங்காமல் விமானம் ஏறியவர்கள், அங்கே நன்றாகப் படித்துத் திரும்பிய பிறகும், ஜூனியர் வகுப்பில் உட்கார்ந்து அதே பாடங்களை மறுபடி எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே, தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரியிலிருந்து ஜெர்மனிக்குச் செல்லும் மாணவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

புறப்படுவதற்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். உங்கள் கல்லூரிக்கும் ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கும் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறதா, அது உங்கள் துறையையும் உள்ளடக்குகிறதா, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதைக் கல்லூரியின் பன்னாட்டு உறவுகள் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் வழியாகச் செல்பவர் வழக்கமாக இங்கே கல்விக் கட்டணத்தைக் கட்டினால் போதும்; அங்கே செமஸ்டர் பங்களிப்புத் தொகையை மட்டும் செலுத்துவார். விண்ணப்பத்தை நீங்கள் நேரடியாக அனுப்ப முடியாது. உங்கள் கல்லூரி முதலில் உங்கள் பெயரைப் பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். அதற்கென்று தனிக் கடைசி நாள் இருக்கும். கையில் அரியர் இருந்தால் பல கல்லூரிகள் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது நாட்காட்டி, திட்டங்கள் அதிகமாக இடறுவது இங்கேதான். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடைகால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. குளிர்கால வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும். தேர்வுகள் அதற்குப் பிறகுதான். நம் ஊரிலோ இரட்டைப்படை செமஸ்டர் டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ தொடங்கிவிடுகிறது. ஆகவே, ஐந்தாவது செமஸ்டரை அங்கே படிக்கும் மாணவர், ஆறாவது செமஸ்டரின் முதல் இரண்டு மாதங்களை இழக்க நேரிடும். வருகைப்பதிவு குறைந்தால் தேர்வெழுதவே அனுமதி கிடைக்காமல் போகலாம். என் அனுபவத்தில் நன்றாகப் பொருந்தும் வழி, ஏழாவது செமஸ்டரில் சென்று, எட்டாவது செமஸ்டரின் புராஜெக்டையும் அங்கேயே ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் செய்து முடிப்பதுதான். ஆனால் ஏழாவது செமஸ்டர் கேம்பஸ் இன்டர்வியூ நடக்கும் காலம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வேலைவாய்ப்பு முக்கியம் என்று கருதுபவர்கள், இணையவழி நேர்காணலுக்கு நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளுமா என்று பிளேஸ்மென்ட் அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடட்டும். பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள், அதாவது ஹோக்‌ஷூலே எனப்படுபவை, செமஸ்டரைச் செப்டம்பரிலேயே தொடங்கிச் சற்று முன்னதாக முடிப்பதால், அவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இனிப் பாடங்கள். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டரின் முழுச் சுமை 30 இசிடிஎஸ் புள்ளிகள்; இசிடிஎஸ் (ECTS) என்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான கிரெடிட் முறை. ஒரு புள்ளி என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, அதில் வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வு எல்லாம் அடங்கும். நம் பொறியியல் படிப்பு எட்டு செமஸ்டருக்கு ஏறத்தாழ 160 கிரெடிட், அதாவது செமஸ்டருக்குச் சராசரியாக 20. அதனால் மூன்று இசிடிஎஸ் புள்ளிக்கு இரண்டு கிரெடிட் என்று தோராயமாகக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இறுதி முடிவு உங்கள் கல்லூரியின் கையில். அங்குள்ள ஒவ்வொரு துறையும் மாட்யூல் கையேடு ஒன்றை வெளியிடுகிறது. அதில் பாடத்தின் உள்ளடக்கம், புள்ளிகள், பயிற்றுமொழி, தேர்வு முறை, குளிர்காலத்தில் நடக்குமா கோடையில் நடக்குமா என்பதெல்லாம் இருக்கும். இந்தக் கடைசி விவரத்தைப் பலர் பார்ப்பதில்லை. கோடையில் மட்டும் நடக்கும் பாடத்தைக் குளிர்காலத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத் தவிக்கிறார்கள். இன்னொரு சிக்கல், இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. ஆங்கிலப் பாடங்கள் முதுநிலையில் அதிகம். ஆனால் இளநிலை மாணவரை அவற்றில் சேர்த்துக்கொள்வார்களா என்பது துறைக்குத் துறை மாறும். மின்னஞ்சலில் கேட்டு விடையைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

கட்டாயப் பாடத்துக்கு மாற்றுப் பாடம் கண்டுபிடிப்பது கடினம்; எலெக்டிவ் பாடங்களுக்கு எளிது. எனவே வெளிநாடு போகும் எண்ணம் இரண்டாம் ஆண்டிலேயே இருந்தால், முடிந்தவரை எலெக்டிவ்களை அந்த செமஸ்டருக்கென்று ஒதுக்கி வைத்து, கட்டாயப் பாடங்களை இங்கேயே முடித்துவிடுங்கள். பிறகு ஒரு தாளில் இடப்பக்கம் இங்குள்ள பாடக் குறியீடு, வலப்பக்கம் அங்குள்ள மாட்யூல், நடுவில் புள்ளிகள் என்று எழுதுங்கள். ஆறு பாடங்கள் தேவையென்றால் ஒன்பது எழுதுங்கள், ஏனெனில் இரண்டு மூன்று பாடங்கள் கால அட்டவணையில் மோதும். இந்தத் தாளே பின்னர் கற்றல் ஒப்பந்தமாக மாறும்; அதில் துறைத் தலைவரின் கையெழுத்தோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் ஒப்புதலையும் வாங்குங்கள். தன்னாட்சி பெறாத கல்லூரியாக இருந்தால், இணைப்புப் பல்கலைக்கழகத்தின் அனுமதி தேவைப்படும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. நம் பத்துப் புள்ளி முறைக்கு அதை எப்படி மாற்றுவார்கள் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

ஆவணங்களில் நம்மவருக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திக் ஆர்.’ என்றும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக விரித்து ‘கார்த்திக் ராமசாமி’ என்றும் இருக்கும். ஜெர்மன் இணையப் படிவங்களோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று தனித்தனியே கேட்கும். பல்கலைக்கழக விண்ணப்பம், வங்கிக் கணக்கு, காப்பீடு, விமானச் சீட்டு என எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒரு எழுத்துகூட மாறாமல் எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று கல்லூரியிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

அனுமதிக் கடிதம் வந்த அன்றே விசா வேலையைத் தொடங்குங்கள். தொண்ணூறு நாளுக்கு மேல் தங்குவதால் தேசிய விசா வேண்டும். கட்டணம் 75 யூரோ. செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு எனப்படும் ஷ்பெர்கோண்டோவில் பணம் போடுவது வழக்கம். 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கில், ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ ஆகிறது. இது கட்டணம் அல்ல, உங்கள் பணமே; அங்கே போன பிறகு மாதந்தோறும் கைக்கு வரும். உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அந்த அளவுக்கு இதைக் குறைக்கலாம். ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் (DAAD) அமைப்பின் திட்டங்களையும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் உதவியையும் உங்கள் கல்லூரி வழியாகத் தேடிப் பாருங்கள்.

தங்குமிடத்துக்கு, அந்த ஊரின் மாணவர் சேவை அமைப்பான ஷ்டுடீரெண்டன்வெர்க் நடத்தும் விடுதிக்கு உடனே விண்ணப்பியுங்கள். மியூனிக்கில் அறை கிடைப்பதே அரிது, வாடகையும் மிக அதிகம். கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு நகரங்களில் நிலைமை எவ்வளவோ மேல். அறையைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல், யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதத்தோடு நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வங்கிக் கணக்கு முதல் பலவற்றுக்கு அந்தச் சான்று தேவைப்படும். மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொள்ள முடியாது. மாணவர் காப்பீடு தொடங்கும் நாளுக்கு முன்பே இறங்குவதாக இருந்தால், இடைப்பட்ட நாட்களுக்குப் பயணக் காப்பீடு எடுங்கள்.

கல்லூரித் தேர்வு முறையிலிருந்து வந்த நம் மாணவர்கள் அங்கே தவறவிடுவது தேர்வுப் பதிவு. வகுப்பில் சேர்ந்துவிட்டாலே தேர்வுக்குப் பதிவானதாகாது. பல இடங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குள் தனியே இணையத்தில் பதிய வேண்டும். என் மாணவி ஒருத்தி ஒரு வகுப்பைக்கூட விடாமல் போய், எல்லாப் பயிற்சித் தாள்களையும் எழுதி, தேர்வு நாளன்று பட்டியலில் தன் பெயர் இல்லாததைப் பார்த்துத் திரும்பி வந்தாள். முதல் வாரத்திலேயே அந்தத் தேதிகளைக் கேட்டு அறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். பாடங்கள் மாறினால் கற்றல் ஒப்பந்தத்தையும் அப்போதே திருத்தி, இங்கிருந்து மறுபடி ஒப்புதல் பெறுங்கள்.

கிளம்பும் முன் முகவரிப் பதிவை நீக்குங்கள், காப்பீட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் முறைப்படி முடியுங்கள், விடுதி முன்பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று எழுதிக்கொடுங்கள். மதிப்பெண் பட்டியல் வரச் சில வாரங்கள் ஆகும். அதை உங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கே நேரடியாக அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பியதும் கற்றல் ஒப்பந்தத்தின் நகலோடு அந்த அலுவலகத்துக்குப் போய், மாற்றப்பட்ட கிரெடிட்கள் உங்கள் பதிவில் ஏறிவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.