அப்பாவின் பிரஷர் நோட்டு

மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்வந்து மூன்று மாடி ஏறிய கையோடு அளந்தால் அப்பாவுக்கு 168/94 காட்டும். அரை மணி உட்காரவைத்து அளந்தால் 142/84. நாம் எழுதிக்கொண்டு போகும் எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த எண் தப்பாக இருக்கக் கூடாது.

காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்பு அளந்துவிடுங்கள். சாய்மானமுள்ள நாற்காலி, பாதங்கள் தரையில், கால்மேல் கால் வேண்டாம். பிரஷர் மெஷினின் பட்டையை வெறும் கையில், நெஞ்சு உயரத்தில் சுற்ற வேண்டும். எங்கள் மேசை தாழ்வு என்பதால் கைக்கு அடியில் தலையணையை மடித்து வைக்கிறேன். அதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு இதுதான் கஷ்டம். கீழே காய்கறிக்காரர் குரல் கேட்டதும் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். மாலையிலும் அப்படியே. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்துலா போட்ட கையில் பட்டையைச் சுற்றவே கூடாது.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். அப்பாவின் பங்கை முக்கால் டீஸ்பூனாகக் காலையிலேயே சின்னக் கிண்ணத்தில் எடுத்துவைக்கிறேன். மீதி பிரெட்டிலும் பிஸ்கட்டிலும் போய்விடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் வீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன்.

சோடியம் குறைந்த உப்பை மட்டும் வாங்காதீர்கள். நல்லது என்று நம்பி நான் வாங்கினேன். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. பழுதான சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றத் திணறும். டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளும் அதை ஏற்றும். மூன்றாவது வாரம் ரத்தப் பரிசோதனையில் அப்பாவுக்குப் பொட்டாசியம் 5.9 வந்தது. அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று டாக்டர் சொன்ன இரவு எனக்குத் தூக்கமில்லை.

அதற்காக அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரில் புரதம் போவதைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காப்பவை அவை. தொடங்கிய பிறகோ அளவு கூட்டிய பிறகோ 2 முதல் 4 வாரத்துக்குள் ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவது பெரும்பாலும் எதிர்பார்ப்பதுதான். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே டாக்டரை அழைத்து, மாத்திரையைத் தொடரலாமா என்று கேளுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் கேட்காமல் போடவே கூடாது.

அப்பாவுக்கு டாக்டர் வைத்த இலக்கு 130/80-க்குள்; உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். எழுந்ததும் தலை சுற்றினால் நின்றபடியும் அளந்து குறியுங்கள். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் நோட்டையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.