இரட்டைச் சொடுக்குக்கு முன் பெயரை மாற்றுங்கள்

விசுவல் ஸ்டுடியோ என்னும் நிரலாக்க மென்பொருளில் சி ஷார்ப் மொழி கொண்டு விண்டோஸ் ஃபார்ம்ஸ் (பொத்தான்கள் கொண்ட சாளரங்களை உருவாக்கும் முறை) பழகத் தொடங்குபவர்கள், ஒரு பொத்தானைப் படிவத்தில் வைத்தவுடன் அதை இரட்டைச் சொடுக்குச் செய்யாமல், முதலில் எஃப்4 விசையை அழுத்திப் பண்புகள் சாளரத்தைத் திறந்து, ‘நேம்’ பண்பில் பிடிஎன்சேவ் என்பதுபோல் பொருளுள்ள பெயரை இட்டுவிட வேண்டும். (‘டெக்ஸ்ட்’ பண்பு பொத்தானின் மேல் தெரியும் எழுத்து மட்டுமே, புதியவர்கள் பெரும்பாலும் அதை மாற்றிவிட்டுப் பெயர் மாறிவிட்டதாக நினைக்கிறார்கள்.)

இரட்டைச் சொடுக்கின்போது பொத்தானுக்கு இருக்கும் பெயரைக் கொண்டே பட்டன்1_கிளிக் என்பதுபோன்ற செயற்கூறு (பொத்தானை அழுத்தும்போது இயங்கும் நிரல் பகுதி) உருவாகிறது. பிறகு பொத்தானின் பெயரை மாற்றினாலும் செயற்கூற்றின் பெயர் பழையபடியே நிற்பதால், பத்துப் பொத்தான்கள் சேர்ந்தபின் எது எதற்குரியது என்று தேடுவதிலேயே நேரம் கழியும். ஏற்கெனவே உருவாகியிருந்தால், செயற்கூற்றின் பெயர்மீது சொடுக்கி, கன்ட்ரோல்+ஆர் விசைகளை இருமுறை அழுத்தி மாற்றலாம். கையால் அழித்தால், டிசைனர் கோப்பில் (படிவத்தின் அமைப்புக்காக விசுவல் ஸ்டுடியோ தானே எழுதும் கோப்பு) அதைச் சுட்டும் வரி அப்படியே தங்கி, நிரல் தொகுக்கப்படாமல் பிழை காட்டும்.

நிரல் ஒருபோதும் தொடாத லேபிள்களுக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. பல பொத்தான்களுக்கு ஒரே செயற்கூற்றைப் பொதுவாக வைக்கும் இடத்திலும், கால்குலேட்டரின் எண் பொத்தான்களைப்போல, இது பொருந்தாது. அங்கே பண்புகள் சாளரத்தின் மின்னல் குறியைச் சொடுக்கி, ‘கிளிக்’ நிகழ்வுக்கு எதிரே பெயரை நீங்களே தட்டச்சிடுவதே சரி.