குழந்தையின் இதய ஒலியைக் கேட்டுப் பழகுவது எப்படி?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் அங்கன்வாடிகளுக்குப் போய்க் குழந்தைகளைப் பரிசோதிக்கத் தொடங்கியிருக்கும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 8 பேர் இதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க எஸ்டேட்டிலிருந்து கிளம்பினால் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் யாரை அனுப்புவது என்பதில் நம் காது தேறியிருக்க வேண்டும்.

முதலில் ஸ்டெதஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குங்கள். இந்தக் குளிரில் சில்லென்று பட்டால் குழந்தை வீரிட்டு அழும், அப்புறம் ஒன்றும் கேட்காது. ஸ்வெட்டரையும் உள்சட்டையையும் விலக்கி வெறும் மார்பில் வையுங்கள். துணி உரசுவதே மர்மர் (இதய ஒலிகளுக்கு இடையே கேட்கும் கூடுதல் இரைச்சல்) போலக் கேட்கும். குழந்தை தாய் மடியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது லப், டப் என்று மாறி மாறிக் கேட்கும் இதயத்தின் இரண்டு ஒலிகள். ஒரு விரலை முழங்கை மடிப்பு நாடியில் வைத்துக்கொள்ளுங்கள். நாடித் துடிப்பை ஒட்டி வருவது லப். எடுத்தவுடன் மர்மரைத் தேடாதீர்கள். லப்புக்கும் டப்புக்கும் நடுவிலுள்ள சின்ன இடைவெளி சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

மார்பெலும்பின் இடது ஓரம், கீழ்ப்பகுதியில் அந்த இடைவெளி முழுக்கக் கரகரவென்று இரைச்சல் கேட்டால் கீழறைச் சுவரில் ஓட்டை இருக்கலாம். கையை வைத்தால் அதிர்வு தெரிகிறதா என்றும் பாருங்கள். இடது காறை எலும்புக்குக் கீழே, டப்பையும் தாண்டி மோட்டார் போல ஓயாமல் ஓடினால், பிறந்த சில நாளில் மூடியிருக்க வேண்டிய ரத்தக்குழாய் இன்னும் திறந்திருக்கலாம். மேலறை ஓட்டையில் டப் இரண்டாகப் பிரிந்து கேட்கும். மூச்சை இழுக்கும்போது பிரிந்து, விடும்போது சேர்ந்தால் அது இயல்புதான். எப்போதும் பிரிந்தே இருந்தால் அனுப்புங்கள்.

நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் பலருக்கும், அதுவும் காய்ச்சல் நேரத்தில், மெல்லிய மர்மர் இருக்கும். அதைக் கேட்டதுமே தாயிடம் “ஓட்டை” என்று சொல்லிவிடாதீர்கள்.

பெரிய ஓட்டைகூட முதல் சில நாள் சத்தமே காட்டாது. நுரையீரல் ரத்த அழுத்தம் குறையக் குறையத்தான் மர்மர் வெளிவரும். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வரும்போது கட்டாயம் மறுபடி கேளுங்கள். பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கினாலோ, எடை ஏறாவிட்டாலோ, சத்தம் சுத்தமாக இருந்தாலும் அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, மலைக்குளிரில் கைகால் விரல்கள் நீலம் பாய்வது சகஜம். நாக்கைப் பாருங்கள். நாக்கு குளிரால் நீலமாகாது. நீலமாக இருந்தால் அப்போதே வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.