வேலைத்தலத்தில் காயம்பட்டால்: யாழ்ப்பாணத்திலிருந்து நட்டஈடு கோரும் வழி

சாரத்திலிருந்து விழுந்த மேசனையோ, மரக்காலை வாளில் விரலிழந்த இளைஞனையோ பார்க்கப் போதனா வைத்தியசாலைக்குப் போகும் உறவினர்கள் முதலில் கேட்பது "முதலாளி வந்தவரோ?" என்பதுதான். அவர் வந்து, வாட்டில் அரை மணி நேரம் நின்று, தாயின் கையில் ஒரு தொகையையும் வைத்துவிட்டுப் போயிருந்தால் வீட்டாரின் மனம் ஆறிவிடும். அதற்குப் பிறகு நட்டஈட்டைப் பற்றிப் பேசுவது நன்றிகெட்டதனமாகத் தோன்றும். அவர் தந்தது அவருடைய நல்ல மனம். நட்டஈடு என்பது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தொழில்தருநர்மீது சுமத்தியிருக்கும் கடமை. முதலாவது இருப்பதால் இரண்டாவது இல்லாமற் போவதில்லை. பின்வரும் படிகள், இதுவரை எந்தச் சட்டத்தரணியின் வாசலையும் மிதித்திராத ஒருவருக்காக எழுதப்படுகின்றன.

முதற்படி: வைத்தியசாலையில் உண்மையைச் சொல்லுதல்

இந்தப் படியைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனெனில் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான கோரிக்கைகள் இங்கேயே உயிரிழந்துவிடுகின்றன. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், சீமெந்துக் கல் அரியும் இயந்திரத்தில் கை அகப்பட்ட அன்று, முதலாளிக்குப் பொலிஸ் தொந்தரவு வரக்கூடாது என்று எண்ணி, வீட்டில் விறகு கொத்தும்போது காயம்பட்டதாக வைத்தியரிடம் சொன்னார். முதலாளி சொந்தக்காரர், அப்படிச் சொல்லும்படி யாரும் அவரை வற்புறுத்தவும் இல்லை. நான்கு மாதங்களின் பின் கோரிக்கையைத் தொடங்கியபோது, அந்த ஒற்றை வாக்கியம் வைத்தியசாலையின் அனுமதிப் பத்திரத்தில் அவருக்கு எதிராக இருந்தது.

ஆகவே, எப்படிக் காயம்பட்டது என்று வைத்தியர் கேட்கும்போது இடம், நேரம், செய்துகொண்டிருந்த வேலை ஆகிய மூன்றையும் உள்ளபடி சொல்லுங்கள். நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால் கூடச் சென்றவர் சொல்ல வேண்டும். காயம் பெரிதாயின் சட்ட வைத்திய அதிகாரியும் பரிசோதிப்பார். அவரிடமும் அதே விபரத்தையே கூறுங்கள். வீடு திரும்பும்போது கிடைக்கும் நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்றே படங்கள், கிளினிக் கொப்பி, மருந்துப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் இட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு போட்டோப் பிரதிகள் எடுத்துவையுங்கள். மூலப் பிரதியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அது முதலாளியின் காப்புறுதி முகவராக இருந்தாலும்.

இரண்டாம் படி: எழுத்தில் அறிவித்தல்

விபத்தைப் பற்றி இயன்றளவு விரைவாகத் தொழில்தருநருக்கு அறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. விபத்தின்போது அவர் பக்கத்திலேயே நின்றிருந்தாலும் ஒரு கடிதம் எழுதுங்கள். அது நீண்டதாக இருக்கத் தேவையில்லை: "இன்ன திகதி, இன்ன நேரத்தில், தங்களுடைய இன்ன வேலைத்தலத்தில், இன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தபோது எனக்கு இன்ன காயம் ஏற்பட்டது, இன்று வரை வேலைக்குத் திரும்ப இயலவில்லை, இன்னாரும் இன்னாரும் நேரில் கண்டவர்கள்" என்ற அளவு போதும். கோபமும் குற்றச்சாட்டும் அதில் வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற் கந்தோர் தரும் துண்டைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் குத்திவையுங்கள்.

தொழிற்சாலையாகக் கருதப்படும் இடமாயின் தொழில்தருநருக்கு மேலும் ஒரு கடமை உண்டு. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, மரணத்தை விளைவித்த விபத்தையும், ஒருவர் மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளம் உழைக்க முடியாதபடி செய்த விபத்தையும் அவர் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். அவர் அறிவித்தாரா என்பதைத் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் நீங்களே கேட்கலாம். பரிசோதகர் வந்து பார்த்து எழுதும் அறிக்கை, இயந்திரம் மாற்றப்பட்டு இடம் கழுவித் துடைக்கப்பட்ட பின்பும் உங்களுக்காகப் பேசும்.

மூன்றாம் படி: அங்கே வேலை செய்ததை நிரூபித்தல்

"எனக்கு நியமனக் கடிதமே இல்லையே" என்று பலர் தயங்குகிறார்கள். வேலை ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும் போதும் என்பதால், கடிதம் இல்லாதது கோரிக்கையைத் தடுக்காது; சான்று தேடும் பாரம் மட்டுமே கூடும். ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட்டிருந்தால் உறுப்பினர் இலக்கமும் கணக்குக் கூற்றுமே சிறந்த சான்று, ஏனெனில் ஊழியரின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் எந்தச் சம்பளத்தின்மேல் கணக்கிடப்பட்டன என்பதை அவை காட்டும். கட்டப்படாத இடத்தில், சம்பளம் எழுதிய கொப்பி, வங்கிக்கு வந்த பணம், "நாளைக்கு ஏழரைக்குச் சைற்றுக்கு வா" என்று வந்த வாட்ஸ்அப் செய்தி, வேலைத்தலத்தில் எடுத்த படம், கூட வேலை செய்தவரின் சத்தியக்கடதாசி ஆகியவற்றைத் திரட்டுங்கள். கூட வேலை செய்பவர் இரண்டு மாதங்களில் வேறு ஊருக்குப் போய்விடலாம். அவருடைய முழுப் பெயரையும் முகவரியையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டட வேலையில் இன்னொரு சிக்கல் வரும். உங்களை அழைத்துப்போனவர் மேசன் பாஸ். அவருக்கு வேலை கொடுத்தவர் கொந்தராத்துக்காரர். தன்னுடைய தொழிலின் பகுதியான வேலையை இன்னொருவரிடம் பிரித்துக் கொடுத்தவரையும் நட்டஈட்டுக்குப் பொறுப்பாக்க இந்தச் சட்டத்தில் வழி இருப்பதால், கையில் காசில்லாத மேசன் பாஸோடு கோரிக்கை முடிந்துவிட வேண்டியதில்லை. வேலைத்தலத்துப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துவைப்பது இந்த இடத்தில்தான் உதவும்.

நான்காம் படி: சட்ட உதவியைத் தேடுதல்

மூன்று வாசல்கள் இருக்கின்றன. முதலாவது, மாவட்டத் தொழில் அலுவலகம். வழிகாட்டலும் படிவமும் கேட்க அங்கே கட்டணம் இல்லை. இரண்டாவது, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான சட்ட உதவி ஆணைக்குழு. அதற்கு யாழ்ப்பாணத்தில் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனையும், தகுதி இருப்பின் சட்டத்தரணியும் அங்கே இலவசம். வருமானத்தை உறுதிப்படுத்தும் கிராம அலுவலரின் கடிதத்தையும் தேசிய அடையாள அட்டையையும் கொண்டு செல்லுங்கள். விபத்துக்கு முந்திய சம்பளத்தை மட்டும் சொல்லாமல், இப்போது வருமானமே இல்லை என்பதையும் விதானையாரிடம் சொல்லி எழுதுவியுங்கள். மூன்றாவது, தனிப்பட்ட சட்டத்தரணி.

தனிப்பட்ட சட்டத்தரணியிடம் போகிறவர் கட்டணத்தைக் கேட்க வெட்கப்படக் கூடாது. மொத்தமாக எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் தனியாக உண்டா, கொழும்புக்குப் போக வேண்டி வந்தால் செலவு யாருடையது என்பவற்றை முதற் சந்திப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அத்தோடு, இதற்கு முன் வேலையாட்கள் நட்டஈட்டுக் கோரிக்கை நடத்தியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். காணி வழக்கில் புலியாக இருப்பவர் இந்தச் சட்டத்தைப் புரட்டியே பாராதவராக இருக்கலாம்.

அவரிடம் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி எந்த வழியில் போவது என்பது. இந்தச் சட்டத்தின்கீழ் வரும் கோரிக்கைகளை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான நட்டஈட்டு ஆணையாளரிடம் போனால் முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தது என்பதே அடிப்படை. ஆனால் தொகைக்கு உச்ச வரம்பு உண்டு. 550,000 ரூபாவாக இருந்த அந்த வரம்பை 2022 ஆம் ஆண்டின் திருத்தம் 2,000,000 ரூபாவாக உயர்த்தியது. மாவட்ட நீதிமன்றத்தில் கவனக்குறைவுக்காக வழக்கிட்டால் அந்த வரம்பு இல்லை. ஆனால் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டும், வருடங்கள் செல்லும், இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும் என்ற காலாவதியும் உண்டு. இரண்டு வழிகளிலும் ஒரே காயத்துக்கு நட்டஈடு பெற முடியாது. சாதாரண விரல் முறிவுக்கு ஆணையாளரே போதும் என்பது என் எண்ணம். முள்ளந்தண்டு அடிபட்டு ஆயுள் முழுக்கப் படுக்கையில் இருக்கப்போகும் இளைஞருக்கு, படிவத்தில் ஒப்பமிடுவதற்கு முன்னரே சட்டத்தரணியின் கருத்து கட்டாயம் வேண்டும்.

ஐந்தாம் படி: கோரிக்கையும் விசாரணையும்

ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில் இருந்தாலும் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. குணமாகக்கூடிய காயமாயின், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரைமாதத்துக்கு ஒரு முறை கொடுப்பனவு கணக்கிடப்படும். நிரந்தரப் பாதிப்பாயின், எந்த உறுப்பு இழந்தால் உழைக்கும் ஆற்றலில் எத்தனை வீதம் குறையும் என்ற அட்டவணை சட்டத்திலேயே இருக்கிறது. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு வைத்தியர் எழுதும் வீதமே தொகையைத் தீர்மானிக்கும். எனவே மதிப்பீட்டுக்குப் போகும் நாளில் "பரவாயில்லை ஐயா, இப்ப சுகம்" என்று சொல்லும் நம்மூர்ப் பழக்கத்தை வீட்டில் விட்டுவிட்டு, எந்தப் பாரத்தைத் தூக்க முடியவில்லை, எந்த ஆயுதத்தைப் பிடிக்க முடியவில்லை என்று விபரமாகச் சொல்லுங்கள்.

விசாரணையில் முதலாளி தரப்பு பெரும்பாலும் "இவர் கவனமில்லாமல் வேலை செய்தார்" என்று சொல்லும். வெறும் கவனமின்மை நட்டஈட்டைத் தட்டிக்கழிக்கக் காரணமாகாது. மது போதையில் இருந்தது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியது போன்ற குற்றச்சாட்டுகள் வேறு வகை. அவை வரக்கூடும் என்று தெரிந்தால் உங்கள் சட்டத்தரணிக்கு முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: பேசித் தீர்க்கும்போது

முதலாளி ஊர்க்காரராகவோ கோயிற் சபையில் கூட இருப்பவராகவோ இருப்பார். இடையில் ஒரு பெரியவர் வந்து "பேசித் தீர்ப்பம்" என்பார். பேசுவதில் தவறில்லை. ஆனால் "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று எழுதிய தாளில் ஒப்பமிடாதீர்கள். சட்டம் தந்த நட்டஈட்டு உரிமையை முற்றாகக் கைவிடும் உடன்படிக்கை செல்லாது என்றாலும், அந்தத் தாளை உடைக்க உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் போகும். உடன்பட்ட தொகை நியாயமானதாயின் அதை ஆணையாளர் முன் பதிவுசெய்யக் கேளுங்கள். முதலாளியிடம் காப்புறுதி இருக்கிறதா என்றும் மெதுவாக விசாரியுங்கள். இருந்தால், பணம் அவருடைய பையிலிருந்து போவதில்லை என்று தெரிந்த பின் பேச்சின் தொனியே மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

தொழிலாளி இறந்துவிட்டால் இந்தப் படி முற்றிலும் வேறு. தொகை ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட்டு, அவரால் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் முதலிய தங்கியிருப்போரிடையே பகிரப்பட வேண்டும். செத்த வீட்டில் கையில் கொடுக்கப்பட்ட பணம் அந்த நட்டஈடாகக் கொள்ளப்படாது.

கோரிக்கை வைத்ததற்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால் அது தனி விடயம். அதற்கு ஆணையாளரிடம் அல்லாமல் தொழில் நியாய சபையிடம், நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிறுத்துவதாக வாயால் மட்டும் சொன்னார்களானால், மறுநாளும் வேலைக்குச் சமுகமளித்ததையும் திருப்பி அனுப்பப்பட்டதையும் பதிவுத் தபாற் கடிதம் ஒன்றில் எழுதி அனுப்பி, அதன் துண்டையும் அதே கோப்பில் குத்திவையுங்கள்.