கட்டாத அபராதமும் பெய்லிஃபும்: என் அனுபவம்

2022-இல் லண்டனில் வீடு மாறிய பிறகுதான் பெய்லிஃப், அதாவது கட்டாத பணத்தை வசூலிக்க வரும் அதிகாரி, கதவைத் தட்டினார். ரயில் டிக்கெட் வழக்கு ஒன்றில், நான் இல்லாமலே அபராதம் விதித்திருக்கிறார்கள். கடிதங்கள் எல்லாம் பழைய முகவரிக்கே போயிருக்கின்றன. அபராதத்தோடு, வழக்கு பெய்லிஃபிடம் போனதற்கு 75 பவுண்டு, நேரில் வந்ததற்கு 235 பவுண்டு என்று கட்டணம் வேறு.

கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசினேன். அடையாள அட்டையையும் வாரண்டையும் பார்த்து வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டேன். கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பாக்கிக்கு வருபவர்கள் முதல் தடவையே பூட்டை உடைத்து நுழைய முடியாது. குற்றவியல் அபராதத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. அதனால் தள்ளிப்போடவே கூடாது.

பலர் பயந்து பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது வேதனையாக இருக்கிறது. வழக்கே தெரியாதவர்களுக்கு 'ஸ்டாச்சுட்டரி டிக்ளரேஷன்' என்ற வழி இருக்கிறது. தெரியவந்த 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலோ வழக்கறிஞர் முன்னிலையிலோ, வழக்கு நடந்தது தெரியாது என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். வழக்கறிஞரிடம் கொடுத்தால் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

நானும் அன்றே நீதிமன்றத்துக்குப் போன் செய்து, வீடு மாறிய ஒப்பந்தத்தோடு போய் உறுதிமொழி கொடுத்தேன். தீர்ப்பு செல்லாததானது, அபராதமும் பெய்லிஃப் கட்டணமும் போயின. வழக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அப்புறம் சீசன் டிக்கெட் ரசீதை அனுப்பினேன், வழக்கைக் கைவிட்டார்கள்.