சருகை அள்ள மெஷின் வேண்டுமா?

காற்றை ஊதிச் சருகைத் தள்ளும் மெஷினான ப்ளோயர் வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ப்ளோயர் சருகை அள்ளாது, இங்கிருந்து அங்கே தள்ளிவிடும், அவ்வளவுதான். குவிந்ததைக் குனிந்து அள்ளி, சாக்கில் திணித்து, தூக்கிக்கொண்டு போவதெல்லாம் நாம்தான், இடுப்பு பிடித்துக்கொள்வதும் அந்த வேலையில்தான். உறிஞ்சும் வகையும் இருக்கிறது, ஆனால் அதன் பை சீக்கிரம் நிறைந்துவிடும், சருகு ஈரமாக இருந்தால் குழாயும் அடைத்துக்கொள்ளும்.

வேலையைக் குறைக்க நல்ல வழி, எல்லாச் சருகையும் அள்ளாமல் இருப்பது. நடைபாதை, படிக்கட்டு, வடிகால் வாய் மூன்றையும் கட்டாயம் சுத்தம் செய்யுங்கள். ஈரச் சருகு வழுக்கிவிடும், தண்ணீர் போகும் வழியையும் அடைக்கும். புல்தரையில் கனமாகப் படிந்திருந்தால் வெளிச்சம் படாமல் புல் மஞ்சளாகிவிடும், அதனால் அங்கேயும் வாரிவிடுங்கள். லேசாகத்தான் கிடக்கிறது என்றால் புல்வெட்டியை அதன் மேலேயே ஓட்டினால் போதும், துண்டு துண்டாகி மண்ணோடு சேர்ந்துவிடும். செடிகளுக்கும் மரத்துக்கும் அடியில் கிடப்பதை அப்படியே விடுங்கள், 5 முதல் 8 செ.மீ. வரை மூடாக்காக இருந்து ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும், மண்புழுவுக்கும் அதுதான் தீனி. அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி மட்டும் ஒதுக்கிவையுங்கள், இல்லாவிட்டால் பட்டை அழுகும்.

சரி, மிச்சத்துக்கு என்ன வேண்டும்? விசிறி மாதிரி விரிந்த பற்கள் உள்ள வாரி ஒன்று, நீளக் கைப்பிடி விளக்குமாறு ஒன்று, பழைய தார்ப்பாய் அல்லது போர்வை. வாரியின் கைப்பிடி உங்கள் தாடை உயரத்துக்காவது இருக்கட்டும், குட்டையாக இருந்தால் முதுகு வளைந்தேதான் நிற்க வேண்டும். காற்று வீசும் திசையிலேயே வாருங்கள், எதிர்த்து வாரினால் வாரினதெல்லாம் திரும்பி வரும். வாரியை அழுத்தாதீர்கள். பற்கள் தரையைத் தடவிக்கொண்டு போனால் போதும், அழுத்தினால் புல்லும் வேரோடு வந்துவிடும், ஒரு சருகு பல்லில் குத்திக்கொண்டு கூடவே வந்து எரிச்சல் மூட்டும்.

தார்ப்பாய்தான் இதில் பெரிய விஷயம். சருகை ஓர் இடத்தில் குவித்து அப்புறம் அள்ளாமல், தார்ப்பாயைத் தரையில் விரித்து அதன் மேலேயே வாரித் தள்ளுங்கள், நிறைந்ததும் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போகலாம். நான் பல வருடம் சாக்கு வாயை ஒரு கையால் பிடித்து, மறு கையால் பிடி பிடியாகத் திணித்துக்கொண்டிருந்தவன், இதை முதலில் செய்து பார்த்த அன்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மெஷினே வேண்டாம் என்று சொல்லவில்லை. இடம் ரொம்பப் பெரிது, சரளைக்கல் பரப்பிய தரை (வாரி கல்லையும் சேர்த்து இழுத்துவிடும்), தோள்வலி, முதுகுவலி என்றால் தாராளமாக வாங்குங்கள். பேட்டரி வகையாகப் பாருங்கள். பெட்ரோலில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெயையும் சேர்த்து எரிப்பது, எரியாத பெட்ரோலையே கொஞ்சம் புகையோடு வெளியே தள்ளுவது. சத்தமும் இயக்குபவர் காதருகே 85 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும், காதடைப்பான் இல்லாமல் தொடாதீர்கள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2022 முதல் பெட்ரோல் ப்ளோயருக்குத் தடையே இருக்கிறது.

அள்ளிய சருகை எரிக்காதீர்கள். கம்பிவலையை வட்டமாக வளைத்து நட்டு அதற்குள் கொட்டி, நனைத்து விடுங்கள். ஒன்று இரண்டு வருடத்தில் கறுத்து, கையில் எடுத்தால் உதிரும் இலைமட்கு உரமாகிவிடும். அவசரம் என்றால் பச்சைப் புல்வெட்டுக் கழிவையும் கலந்து, வாரம் ஒருமுறை கிளறுங்கள்.