மூலைக் காய் யானையா, தேரா? வீட்டு செஸ் போர்டுல பழைய ஆட்டம் ஆடிப் பாருங்க

போன வருசம் அவிநாசித் தேருக்குப் போனப்ப, தேர்க்கடையில அக்கா பையனுக்கு ஒரு பிளாஸ்டிக் செஸ் செட் வாங்கிக் குடுத்தேன். வீட்டுக்கு வந்து பிரிச்சா ஒரு சிப்பாயைக் காணோம். சட்டைப் பித்தான் ஒண்ணை வெச்சுச் சமாளிச்சோம். மூலைக் காயை எடுத்து, "இது யானைடா கண்ணு"ன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தும்பிக்கை எங்கீங்க மாமா?"ன்னான்.

நியாயமான கேள்விதான். அது யானையே இல்லை, தேர்.

சதுரங்கம்னா நாலு உறுப்பு. தேர், யானை, குதிரை, காலாள்னு நால்வகைப் படை. சுமார் 1,400 வருசத்துக்கு முன்னாடியே இங்கிருந்து பாரசீகம் போய், அரபு நாடுகள்ல சத்ரஞ்ச்னு பேர் வாங்கிருச்சு. புதுசா கத்துக்கிறவங்க அந்த சத்ரஞ்ச் முறையில ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டா, எந்தக் காய் யாருன்னு மறக்கவே மறக்காது.

படி 1: அடுக்குங்க

காய்களை எப்பவும்போல வைங்க, பேரை மட்டும் மாத்துங்க. மூலையில தேர், அடுத்து குதிரை, அதுக்கடுத்து தலையில கீறல் விழுந்த காய்தான் யானை. ராணிக்குப் பேர் மந்திரி. (கீறல் காயை மந்திரிங்கிற வீடுகளும் உண்டு. இன்னைக்கு ஒரு நாள் மறந்துருங்க.)

படி 2: மாறாத மூணு

ராஜா, குதிரை, தேர் மூணுக்கும் இன்னைக்கு இருக்கிற நகர்வுதான். குதிரையை விளக்கவே வேண்டியதில்லை. அந்தியூர் குருநாதசாமி பண்டிகையில குதிரைச் சந்தை பார்த்த குழந்தை தானாச் சொல்லிரும். தேர் நேரா மட்டும் ஓடும். வடம் பிடிச்சவங்களுக்குத் தெரியும், நேர்வீதியில ஓட்டமா வர்ற தேரை முக்குல திருப்பத்தான் கட்டை போட்டு மல்லுக்கட்டணும். பாரசீகத்துல இதுக்கு 'ருக்'னு பேர். இங்கிலீஷ்ல 'ரூக்' ஆனது அதுதான். ஐரோப்பாக்காரங்க தேரை விட்டுட்டுக் கோட்டைக் கோபுரமாச் செதுக்கிட்டாங்க.

படி 3: யானை

இதுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்க. யானை மூலைவாட்டுல சரியா ரெண்டாவது கட்டத்துக்குப் போகும். நடுவுல யார் நின்னாலும் தாண்டிரும். காலி போர்டுல ஒரு யானையை அதோட இடத்துல வெச்சு, அதையும் சேர்த்து, அது போய்ச் சேரக்கூடிய கட்டத்துல எல்லாம் புளியங்கொட்டை வைங்க. 64 கட்டத்துல எட்டே எட்டுதான் வரும்! அத்தனை பெரிய உடம்புக்கு இம்புட்டுத்தான் காடு.

கீறல் ஏன்? அரபு நாட்டுல உருவம் செதுக்காம, ரெண்டு தந்தத்துக்கு அடையாளமா ரெண்டு முண்டு மட்டும் வெச்சாங்க. அதை இங்கிலாந்துல பார்த்தவங்களுக்குப் பாதிரியார் தொப்பியாத் தெரிஞ்சுது, பிரான்ஸ்ல கோமாளியாத் தெரிஞ்சுது. ரஷ்யாவுல இன்னைக்கும் அதை யானைன்னுதான் கூப்பிடுறாங்க. நம்ம கடைகள்ல விக்கிற வடிவம், 1849ல லண்டன்ல விற்பனைக்கு வந்த ஸ்டான்டன் செட்டைப் பார்த்துச் செஞ்சது. அதுலதான் தொப்பிக்கீறல்.

படி 4: மந்திரியும் சிப்பாயும்

மந்திரி மூலைவாட்டுல ஒரே கட்டம். ராஜா பக்கத்துலயே நின்னு யோசனை சொல்ற ஆள், அவ்வளவுதான். ஐரோப்பாவுல ராணியா மாறி, 15ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஸ்பெயின் பக்கம்தான் இன்னைக்கு ராணிக்கு இருக்கிற பாய்ச்சல் வந்துச்சு. சிப்பாய்க்கு முதல் நகர்வுலயும் ஒரு கட்டம்தான். கடைசி வரிசைக்குப் போனா மந்திரியா மட்டும் ஆகலாம். கோட்டை கட்டுறதெல்லாம் (ராஜாவையும் தேரையும் ஒரே நகர்வுல நகர்த்துறது) கிடையாது.

படி 5: ஜெயிக்கிறது

'ஷா மாத்', அதாவது ராஜா வகையத்துப் போனார். செக்மேட்டுங்கிற வார்த்தையே அதுல இருந்து வந்ததுதான். எதிராளிக்கு நகர்த்த வழியில்லாம அடைச்சுட்டா, இப்ப மாதிரி டிரா இல்லை, அடைச்சவருக்கு வெற்றி. மத்த காயெல்லாம் வெட்டி எதிராளி ராஜாவைத் தனியா நிக்க வெச்சாலும் வெற்றிதான். ஆனா அடுத்த நகர்விலேயே அவரும் உங்க ராஜாவைத் தனியாக்கிட்டா டிரா.

ஆட்டம் மெதுவாத்தான் போகும், அவசரப்படாதீங்க. எங்க வீட்டுல பொழுதோட ஆரம்பிச்சது, சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிருச்சு. முதல்ல மந்திரியானது அந்தச் சட்டைப் பித்தான்தான்.